எடுக்காமல் விட்ட வரிகள்

ஃபஹாஹீல். இரவு இரண்டு நாற்பது.
தூசுக்காற்று ஓய்ந்து அரைமணி ஆகிறது.
பெயர் தாவூது கனி, வயது நாற்பத்தொன்று,
சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டுகிற வேலை.
காந்தத்துக்குள் அனுப்புமுன் கேட்டாக வேண்டும்:
கண்ணில் எப்போதாவது இரும்புத்துகள் பட்டதுண்டா?
"பட்டிருக்கு. எடுத்துட்டாங்க."
எத்தனை விழுந்தன, எத்தனை எடுத்தார்கள்?
எண்ணவில்லையாம்.
எக்ஸ்ரேயில் மிச்சம் எதுவும் இல்லை என்று பார்த்தபின்
உள்ளே தள்ளினேன்.

இழு, நிறுத்து, விடு என்று சொல்ல
எந்திரத்துக்குள் மூன்று குரல்கள் உண்டு,
அரபியில், இந்தியில், ஆங்கிலத்தில்.
தமிழுக்கு நான்.
"மூச்ச இழுத்துப் புடிங்கண்ணே."

ஈரலை முழுதாக அள்ள நாற்பத்திரண்டு விநாடி.
யாராலும் முடியாது என்பதால்
பாதிக்கு மேல் விட்டுவிட்டுப் பதினெட்டு.
அவர் ஏழில் விட்டுவிட்டார்.
மறுபடி. ஏழு.
மறுபடி. ஏழரை, இருமலோடு.
திரையில் கிடந்தது
ஓடுகிற பஸ்ஸிலிருந்து எடுத்த போட்டோ.

இங்கே படம் படமாக வருவதில்லை.
அதிர்வெண்களாக வருகிறது, வரி வரியாக.
நடுவரிகளில் வெளிச்சமும் இருட்டும்,
ஓரவரிகளில் விளிம்புகள்.
நேரமில்லையென்றால் சிலவற்றை விட்டுவிட வேண்டும்.
ஒன்றுவிட்டு ஒன்று என்று ஒழுங்காக விட்டால்
கை வந்து வயிற்றுக்குள் மடிந்து கிடக்கும், ஆவி மாதிரி.
தாறுமாறாக விட்டால்
ஆவி தூசாக உதிர்ந்துவிடும்.
தூசைத் துடைக்கலாம்.
துடைப்பதற்கு இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.

வேகத்தை ஆறில் வைத்தேன்.
ஆறு வரிக்கு ஒன்று நான் எடுப்பது.
மீதி ஐந்தை மென்பொருள் போட்டுக்கொள்ளும்.
அது ஆயிரக்கணக்கில் ஈரல் பார்த்திருக்கிறது.
நாற்பத்தெட்டு டிகிரியில்
அறுபதடி உயரக் குழாயில் நின்றவர்களின் ஈரல்
அதில் எத்தனை என்று எனக்குத் தெரியாது.

படம் வந்தது. அழகான படம்.
சலவைக்குப் போய் வந்த மாதிரி
மடிப்பு இல்லை, கறை இல்லை.
இவ்வளவு சுத்தமாக
இந்த ஆலையிலிருந்து யாரும் வந்து நான் பார்த்ததில்லை.

எழுந்து உட்கார்ந்தவரின் போன் லாக்கரில் அடித்தது.
ஊரில் ஐந்தேகால். சுபுஹு நேரம்.
வெளியே வந்து பேசினார்:
"ஒண்ணுமில்ல புள்ள. ஏசி ரூம்லதான் படுத்திருக்கேன்."
பொய் இல்லை. சொன்னது ஒரு வரி.
மீதி இரவை அவள் போட்டுக்கொள்வாள்
என்று நினைத்துத்தான் நானும் கையுறையைக் கழற்றினேன்.
ஸ்பீக்கர் இல்லாமலே எனக்குக் கேட்டது:
"அப்ப ஏன் மூச்சு வாங்குது?"

அவர் பதில் சொல்லவில்லை.
நானும் கையுறையைத் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

"இப்ப எதையும் புடிக்க வேணாம். இஷ்டத்துக்கு விடுங்க."
உதரவிதானம் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்து
மூச்சு அடங்குகிற அந்த ஓரத்தில் மட்டும்
எந்திரம் ஒரு பிடி எடுக்கும்.
அடுத்த மூச்சுக்குக் காத்திருக்கும்.
ஒரு வரியும் விடாமல் பதினோரு நிமிஷம்.
ஓர் ஆளுக்கு இருபது என்பது நிர்வாகத்தின் கணக்கு.
காலையில் என் பெயருக்கு நேரே கட்டம் சிவப்பாகும்.
ஆகட்டும்.

இந்தப் படம் அழுக்கு. புள்ளி புள்ளியாக இரைச்சல்.
முப்பத்தொன்றாம் தட்டில், வலது மடலுக்குக் கீழே,
கொத்தமல்லி விதை அளவில் ஏதோ ஒன்று.
சலவைப் படத்தில் அதே இடம் வழவழவென்று இருக்கிறது.
நோயா, இரைச்சல் திரண்டதா?
வாசிப்பது என் வேலை இல்லை.
வாசிக்கிறவர் வேறொரு நகரத்தில் தூங்குகிறார்.
இரண்டையும் அனுப்பினேன்.
குறிப்புக் கட்டத்தில் தட்டினேன்:
முதல் படத்தில் ஆறில் ஐந்து வரி நாங்கள் போட்டது.

பொத்தானைப் போட்டுக்கொண்டே கேட்டார்,
"வீட்ல கேட்டா என்ன சிஸ்டர் சொல்ல?"

பதினோரு நிமிஷம் மூச்சு விட்டேன்னு
சொல்லுங்கண்ணே.